முப்பத்தைந்திலிருந்து இருபது: கழிக்கப்படுவது யார்?

2024 அக்டோபரில் மகாராஷ்டிராவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அம்மாநிலப் பள்ளிக் கல்விக்கென வகுக்கப்பட்ட புதிய கலைத்திட்டம், பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல் ஆகிய இரு பாடங்களுக்குமான தேர்ச்சி மதிப்பெண்ணை நூற்றுக்கு 35 இலிருந்து 20 ஆகக் குறைக்க முன்மொழிந்தது. இருபதைத் தாண்டியும் முப்பத்தைந்தை எட்டாத மாணவர் தேர்ச்சி பெற்றவராகக் கருதப்படுவார். ஆனால் அவரது சான்றிதழில் ஒரு குறிப்பு பொறிக்கப்படும்: இவர் மேற்கொண்டு கணிதமோ அறிவியலோ பயிலத் தகுதியற்றவர்.

செய்தி வெளியானதும் விவாதம் வழக்கம்போல் இரு கூறாகப் பிரிந்தது. தரம் சரிகிறது, நாடு பின்தங்குகிறது என்று ஒரு தரப்பு. கணக்கில் தோற்ற ஒரே காரணத்தால் பள்ளிப் படிப்பே நின்றுபோகும் பிள்ளைகளுக்கு இது நிவாரணம் என்று மறு தரப்பு. முன்னது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் கவலை. பின்னது இரக்கத்தின் மொழியில் பேசும் நிர்வாகத்தின் வாதம். அந்த 20 மதிப்பெண் மாணவர் யார், பத்தாண்டுக் காலம் பள்ளி அவருக்கு எதைக் கற்பித்தது என்பதை இரு தரப்புமே கேட்கவில்லை.

மராத்வாடாவின் பீட் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் அந்த மாணவரின் உருவம் தெளிவாகும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் லட்சக்கணக்கான கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் அப்பகுதியிலிருந்து மேற்கு மகாராஷ்டிராவுக்கும் கர்நாடகத்துக்கும் புறப்படுகிறார்கள். ஆலைகளின் அரவைப் பருவம் முடிந்து அவர்கள் ஊர் திரும்புவதற்குள் கோடை தொடங்கிவிடும். உடன் செல்லும் பிள்ளைகளுக்குக் கல்வியாண்டின் பாதி கரும்புக்காட்டிலேயே கழிகிறது. வரலாற்றுப் பாடத்தில் ஓர் இயல் விடுபட்டால் அடுத்த இயலை ஒருவாறு படித்துவிடலாம். கணிதத்தில் அது இயலாது. நான்காம் வகுப்பில் பின்னம் விடுபட்ட குழந்தைக்கு ஆறாம் வகுப்பின் விகிதமும் ஏழாம் வகுப்பின் விழுக்காடும் எட்டாம் வகுப்பின் இயற்கணிதமும் வரிசையாக மூடப்பட்ட கதவுகள். பத்தாம் வகுப்பில் அக்குழந்தை பெறும் 20 மதிப்பெண் அதன் அறிவை அளப்பதில்லை. அதற்கு மறுக்கப்பட்ட பள்ளி நாட்களை அளக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டிய அரசு, தன் கடனைக் குழந்தையின் சான்றிதழில் குழந்தையின் குறையாகவே எழுதித் தர முன்வருகிறது.

இது மகாராஷ்டிராவின் தனித்த சிந்தனையும் அன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமான சிபிஎஸ்இ, 2019-20 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வை 'ஸ்டாண்டர்டு', 'பேசிக்' என இரண்டாகப் பிரித்தது. பாடத்திட்டம் ஒன்று, வகுப்பறை ஒன்று, ஆசிரியரும் ஒருவரே. வினாத்தாள் மட்டும் இரண்டு. எளிய தாளை எழுதியவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது என்பது தொடக்க விதி. பெருந்தொற்றுக் காலத்தில் தளர்த்தப்பட்ட இவ்விதி பின்னர் ஆண்டுதோறும் தளர்வு நீட்டிப்பில் ஓடியது. விதி தளர்ந்தாலும் பிரிப்பு நின்றுவிட்டது. பதினான்கு, பதினைந்து வயதில் ஒரு மாணவி தனக்கு எந்தத் தாள் என்று முடிவெடுக்க வேண்டும். வீட்டில் படித்தவர் உண்டா, தனிப்பயிற்சிக்குப் பணம் உண்டா, தோல்வி விகிதம் தன் பெயரைக் கெடுக்கும் என்று அஞ்சும் பள்ளி என்ன அறிவுரை கூறுகிறது என்பவையே அம்முடிவைத் தீர்மானிக்கும். விருப்பத் தேர்வு என்ற சொல்லின் பின்னே வர்க்கமும் சாதியும் பாலினமும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இந்தப் பிரிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் பெண்குழந்தைகளுக்குக் கணிதம் வேண்டுமா, மனையியல் போதாதா என்ற கேள்வி மரியாதைக்குரிய கல்விக் கேள்வியாகவே உலவியது. 1962 இல் அமைக்கப்பட்ட ஹன்சா மேத்தா குழு, ஆணுக்கொரு பாடத்திட்டம் பெண்ணுக்கொரு பாடத்திட்டம் என்ற வேறுபாட்டை ஏற்க மறுத்தது. 1964-66 இல் செயல்பட்ட கோத்தாரி ஆணையம் அதை வழிமொழிந்து, பள்ளிக் கல்வியின் முதல் பத்தாண்டுகளில் கணிதமும் அறிவியலும் அனைவருக்கும் கட்டாயம் என்று பரிந்துரைத்தது. இன்று கோடிக்கணக்கான பெண்கள் பத்தாம் வகுப்புவரை கணிதம் பயின்றிருப்பதற்கு அந்தப் பரிந்துரையே அடிப்படை. அதே ஆணையம் கேட்ட பொதுப்பள்ளி முறையும், கல்விக்கு நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு என்ற ஒதுக்கீடும் மட்டும் அறுபதாண்டு நெருங்கியும் நிறைவேறவில்லை. பாடத்தைக் கட்டாயமாக்கிய ஆட்சியாளர்கள் அதைக் கற்பிக்கும் கடமையைத் தமக்குக் கட்டாயமாக்கிக்கொள்ளவில்லை. இன்றைய 'தர' நெருக்கடியின் வேர் அங்கேதான் இருக்கிறது. நெருக்கடிக்குத் தீர்வாக அவர்கள் காண்பதோ, கட்டாயத்தைத் தளர்த்துவது.

நெருக்கடி மெய்யானது என்பதில் ஐயமில்லை. அதை மறுப்பது இடதுசாரிகளின் வேலையும் அன்று. ஊரகக் குழந்தைகளின் கற்றல் நிலையை வீடு வீடாகச் சென்று ஆராயும் 'அசர்' அறிக்கையின் 2024 பதிப்பின்படி, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர். எட்டாம் வகுப்பிலும் அது பாதியைத் தொடவில்லை. இவ்வறிக்கை வெளியாகும் ஒவ்வொரு முறையும் அரசுப் பள்ளி தோற்றுவிட்டது என்ற கூக்குரல் எழும். கட்டணப் பள்ளிக்கு மானியச் சீட்டு வழங்கு, ஒப்பந்த ஆசிரியரை நியமி, பள்ளிகளை இணைத்து மூடு என்ற பரிந்துரைகள் பின்தொடரும். அதே அறிக்கைகளில் தனியார் பள்ளிகளுக்கான பத்தியையும் அவர்கள் படிக்கலாம். கட்டணம் செலுத்திப் படிக்கும் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த வகுத்தல் வரவில்லை. நோய் அரசுப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. தனியார்மயம் அதற்கு மருந்துமன்று.

ஒன்றிய அரசுக்கு அளவீட்டின் மேல் இருக்கும் பற்றும் விசித்திரமானது. 2009 சுற்றின் பீசா என்னும் பன்னாட்டுத் தேர்வில் இந்தியாவிலிருந்து இமாச்சலப் பிரதேசமும் தமிழ்நாடும் பங்கேற்றன. 74 நாடுகளும் பகுதிகளும் கொண்ட பட்டியலின் கடைசி வரிகளில் இரண்டும் இடம்பெற்றன. அதன்பின் இந்தியா விலகியது. 2019 இல் மீண்டும் சேர ஒப்பந்தம் செய்தபோது சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை கேந்திரிய வித்யாலயாக்களும் நவோதயா பள்ளிகளும் சண்டிகர் நகரமும். பீட் மாவட்டத்தின் ஜில்லா பரிஷத் பள்ளி அப்பட்டியலில் இல்லை. இறுதியில் அந்தச் சுற்றிலும் இந்தியா பங்கேற்கவில்லை.

சந்தையில் எண்ணத் தெரிந்த பிள்ளைகள்

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்பட வேண்டிய ஆய்வு 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள், டெல்லி, கொல்கத்தா சந்தைகளில் காய்கறியும் சில்லறைப் பொருளும் விற்கும் 1,400க்கு மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கிடும் திறனை ஆராய்ந்தனர். எடைக்கும் விலைக்கும் ஏற்பப் பல பொருட்களின் தொகையை மனத்திலேயே கூட்டி, மீதிச் சில்லறையைப் பிழையின்றித் தரும் அப்பிள்ளைகளில் பெரும்பாலோர், அதே கணக்கைப் பாடநூல் வடிவில் தாளில் கொடுத்தபோது தடுமாறினர். பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகளின் நிலை இதற்கு நேர்மாறு: தாளில் செய்யத் தெரிந்தவர்களுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. நாற்பதாண்டுகளுக்கு முன் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் ஐந்து சிறாரிடம் நடத்தப்பட்ட புகழ்பெற்ற ஆய்வும் இதையே கண்டது. தெருவில் 98 விழுக்காடு சரியாகச் சொன்ன சிறார், அவற்றையே வெறும் எண்களாகத் தாளில் கண்டபோது 37 விழுக்காடே சரியாகச் செய்தனர்.

கிலோ 60 ரூபாய் விலையுள்ள பொருளில் முக்கால் கிலோ வாங்கினால், கடைச் சிறுவன் அரைக்கு முப்பது, காலுக்குப் பதினைந்து என்று கூட்டி நாற்பத்தைந்து என்பான். அவன் பயன்படுத்தியது பங்கீட்டு விதி. எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தின் கருவே அது. பள்ளியில் அவனுக்குக் கிடைப்பதோ 0.750 ஐ 60 ஆல் பெருக்கும் எந்திரச் செயல்முறை. தசமப் புள்ளியை எங்கே இடுவது என்று அவன் குழம்பும்போது ஆசிரியர் அவனுக்குக் கணக்கு வராது என்று எழுதுகிறார். இடையில் அறுந்திருப்பது அவன் அறிவுக்கும் பள்ளி மொழிக்கும் நடுவே இருக்க வேண்டிய பாலம்.

மொழி என்பது இங்கே உருவகமன்று. இந்தி பேசும் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் எண் கற்பதே ஒரு தடையோட்டம். தமிழில் இருபதுக்குமேல் எண்ணுவது ஒழுங்குள்ள ஏறுபடி: இருபத்தொன்று, இருபத்திரண்டு என அடுக்கிச் செல்லும், தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டுமே வழக்கத்தை மீறி நிற்பவை. இந்தியில் நூறுவரையிலான எண்ணுப்பெயர்களை ஏறத்தாழ தனித்தனியாகவே மனனம் செய்ய வேண்டும். 29 'உன்தீஸ்', 39 'உன்தாலீஸ்', 49 'உன்சாஸ்', 59 'உன்ஸட்', 69 'உன்ஹத்தர்', 79 'உன்யாசி'. அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற வாய்ப்பாட்டில் அமைந்த இவ்வரிசை, 89 இல் 'நவாசி', 99 இல் 'நின்யானவே' என்று திடீரெனத் தடம் மாறும். வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ பேசிவிட்டு வரும் ஆறு வயதுக் குழந்தை, இடமதிப்பு என்ற கருத்தை அறியுமுன் இவ்வளவையும் கடந்தாக வேண்டும்.

அதே இந்தி பேசும் மக்களிடம் பின்னத்துக்கு அற்புதமான சொல்வளம் உண்டு. ஒன்றேகால் 'சவா', ஒன்றரை 'டேட்', இரண்டரை 'டாயி', காலளவு குறைந்தது 'பௌனே'. 'சவா சௌ' என்றால் 125, 'டாயி சௌ' என்றால் 250 என்பது ஆசாத்பூர் மண்டியில் மூட்டை சுமப்பவருக்கும் தெரியும். பழைய பாடசாலைகளில் இவற்றுக்குத் தனி வாய்ப்பாடுகளே இருந்தன. இன்றைய வகுப்பறையில் 'பாஞ்ச் படா தோ' என்று ஐந்தின் கீழ் இரண்டு எழுதப்படுகிறது. அது தான் நாளும் சொல்லும் 'டாயி'தான் என்று அக்குழந்தைக்கு உணர்த்துவோர் அரிது. முந்திரி, காணி, மா, வீசம் என்று எண்சுவடியில் நுண்பின்னங்களை அடுக்கி வைத்திருந்த தமிழுக்கும் இதே அறுபடல் நேர்ந்தது. ஆகவே இதில் தமிழர் பெருமிதம் கொள்ள இடம் குறைவு.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் அறுபடல் இன்னும் ஆழமானது. சந்தாலியும் முண்டாரியும் ஹோவும் பேசும் குழந்தைகளுக்கு முதல் வகுப்பே அயல்மொழியில் தொடங்குகிறது. முண்டா மொழிகள் பலவற்றில் இருபது இருபதாக எண்ணும் மரபு உண்டு. பள்ளியோ அதை அறியாமை என்று ஒதுக்குகிறது. ஒடிசாவில் 2006-07 இல் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அத்தகைய முயற்சிகள் விளிம்பிலேயே நிற்கின்றன. ஆசிரியர் நியமனமும் பாடநூல் ஆக்கமும் அவற்றுக்கேற்ப வளரவில்லை.

இவற்றில் பலவும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. 2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழு, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்தது. அச்சமும் தோல்வி உணர்வும், பெரும்பான்மையைக் கைவிடும் அதே வேளையில் திறனுள்ள சிறுபான்மையையும் சலிப்படையச் செய்யும் பாடத்திட்டம், முரட்டுத்தனமான மதிப்பீட்டு முறை, ஆசிரியர்க்குப் போதிய ஆயத்தமின்மை என நான்கு குறைகளை அக்குழு சுட்டியது. சூத்திரங்களை ஏற்றுவதன்று, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே நோக்கம் என்றது. எல்லாக் குழந்தைகளாலும் கணிதம் கற்க இயலும், எல்லாக் குழந்தைகளும் அதைக் கற்றாக வேண்டும் என்பதைத் தன் நிலைப்பாடாகக் கொண்டது. பாடத்தைக் குறைத்து அச்சத்தைப் போக்கலாம் என்று அது கருதவில்லை. இருபதாண்டு கழித்து அரசுகள் எடுத்துக்கொண்டது 'அச்சம்' என்ற ஒரு சொல்லை மட்டுமே.

மற்றொரு பக்கம் 'வேத கணிதம்' என்னும் வியாபாரம். பூரி சங்கராச்சாரியாராயிருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தரின் நூல் அவர் மறைவுக்குப் பின் 1965 இல் வெளிவந்தது. அதிலுள்ள சூத்திரங்கள் வேதங்களில் இல்லை என்பதையும், உள்ளடக்கம் பெரும்பாலும் விரைவாகக் கணக்கிடும் உத்திகளே என்பதையும் கணிதவியலாளர் எஸ்.ஜி. தானி முப்பதாண்டுக்கு முன்பே விளக்கிவிட்டார். சுழியத்துக்கு விதி கண்ட பிரம்மகுப்தரையும், முடிவிலாத் தொடர்களை ஆராய்ந்த கேரளத்து மாதவரையும் மெய்யாகவே கற்பிப்பதற்கு உழைப்பும் ஆசிரியரும் வேண்டும். பெருக்கல் வித்தை காட்டுவதற்கு அவை தேவையில்லை.

ஆசிரியர் எங்கே?

ஒன்றிய அரசின் தரவுகளின்படியே, 2024-25 இல் ஒரே ஓர் ஆசிரியருடன் இயங்கும் பள்ளிகள் நாட்டில் 1 லட்சத்துக்கும் மேல். ஐந்து வகுப்புகளுக்கும் எல்லாப் பாடங்களுக்கும் ஒருவர். சத்துணவுக் கணக்கு, இணையப் பதிவேடு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அவர் தலையில். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க நிலையில் 30 குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கணிதம், அறிவியலுக்கென ஓர் ஆசிரியர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர்த்த பிற பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தத் தடையும் விதித்தது. அந்தத் தேர்தல் விலக்கின் வழியாகவே வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி ஆண்டு முழுதும் நுழைகிறது.

சட்டத்தின் இந்தப் பகுதிகளை நிறைவேற்ற அரசுகளுக்கு அவசரம் இல்லை. அவசரமாகத் திருத்தப்பட்டது வேறொரு பிரிவு. எட்டாம் வகுப்புவரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தக்கூடாது என்ற பாதுகாப்பு 2019 இல் தளர்த்தப்பட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் குழந்தைகளை நிறுத்திவைக்க விதி வகுத்தது. இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதிலும் தோற்றால் அதே வகுப்பு. ஓராண்டு கற்பிக்கத் தவறிய அதே பள்ளி, அதே முறையில் இன்னோர் ஆண்டு கற்பித்தால் எப்படி விளையும் என்பதற்கு விளக்கம் இல்லை. தண்டனை கற்பிக்கத் தவறியவருக்கன்று, கற்பிக்கப்படாதவருக்கு.

மகாராஷ்டிராவின் இருபதும் ஒன்றிய அரசின் நிறுத்திவைப்பும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தோன்றும். ஒன்று தேர்ச்சியை எளிதாக்குகிறது, மற்றொன்று கடினமாக்குகிறது. இரண்டுமே குழந்தையை வகைப்படுத்துகின்றன. இரண்டிலுமே அரசின் செலவு ஒரு ரூபாயும் கூடுவதில்லை.

தெருக்கணக்கு போதுமா?

இவ்விடத்தில் முற்போக்கு வட்டாரங்களிலேயே நிலவும் ஒரு கருத்தையும் ஆராய வேண்டும். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு வாழ்க்கைக்கு உதவும் கணக்கே வேண்டும். முக்கோணவியலும் இருபடிச் சமன்பாடும் மேல்தட்டின் வடிகட்டிகள். அவற்றை விலக்குவதே சனநாயகம் என்பர் சிலர். நல்லெண்ணத்தில் பிறந்த வாதம், ஆனால் பிழையானது. தொழிற்கல்விப் பள்ளிகளை வகைவகையாகப் பெருக்குவது சனநாயகம் போலத் தோன்றினும் வர்க்க வேறுபாட்டை நிலைநிறுத்தவே பயன்படும் என்று கிராம்ஷி சிறையிலிருந்து எழுதினார். மனிதகுலம் திரட்டிய அறிவைத் தன்வயமாக்காமல் முழக்கங்களைக் கற்றுக் கம்யூனிஸ்ட் ஆகிவிட இயலாது என்பது 1920 இல் இளைஞர் கழகத்தாரிடம் லெனின் வலியுறுத்திய செய்தி.

சந்தைக் கணக்கு எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு நுண்கடன் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெண் 10,000 ரூபாய் கடன் பெறுகிறார். ஆண்டுக்கு 12 விழுக்காடு 'ஃபிளாட்' வட்டி; பன்னிரண்டு மாதத் தவணை; மொத்தம் 11,200 ரூபாய், மாதம் 933. பெருக்கலும் வகுத்தலும் சரி. கணக்கில் பிழை இல்லை. ஆனால் ஆறாம் மாதத்தில் அசலில் பாதியை அவர் அடைத்துவிட்டார். அப்போதும் முழு 10,000க்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். குறைந்துவரும் நிலுவையின் மீது கணக்கிட்டால் மெய்யான வட்டி விகிதம் 21 விழுக்காட்டைத் தாண்டும். இதை அறிய மனக்கணக்கு போதாது. மாறும் அளவுகளை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் இயற்கணிதம் வேண்டும். 'இவர் மேற்கொண்டு கணிதம் பயிலத் தகுதியற்றவர்' என்று முத்திரையிடப்படுபவர் பெரும்பாலும் இந்தப் பெண்ணின் மகளாகவே இருப்பார்.

மகாராஷ்டிராவின் மண்ணுக்கு இது பழைய கதை. 1875 இல் புணே, அகமதுநகர் பகுதிகளின் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது லேவாதேவிக்காரர்களின் வீடுகளில் அவர்கள் தேடி எரித்தவை கடன் பத்திரங்களும் கணக்கேடுகளும்தான். தங்களால் படிக்க இயலாத ஏடுகளில் தங்கள் நிலம் எழுதி வாங்கப்பட்டிருந்தது. சில ஆண்டுகள் கழித்து, 1882 இல், ஹண்டர் ஆணையத்திடம் ஜோதிராவ் பூலே அளித்த மனுவில் சூத்திர, அதிசூத்திரக் குழந்தைகளின் தொடக்கக் கல்விக்கென அவர் கேட்டவற்றுள் எழுத்துக்கும் வாசிப்புக்கும் அடுத்து கணக்கு இடம்பெற்றது. பூலேயின் படத்துக்கு மாலையிடும் அரசின் முன்மொழிவுதான் அந்த இருபது.

அகில இந்திய அளவில் விவாதம் இவ்வாறிருக்க, கேரளத்தின் அனுபவம் தனியே நோக்கத்தக்கது. 2024-25 கல்வியாண்டில் இடது சனநாயக முன்னணி அரசு எட்டாம் வகுப்பின் எழுத்துத் தேர்வில் பாடந்தோறும் 30 விழுக்காடு குறைந்தபட்ச மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது. அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் அதை விரிவுபடுத்துவதாக அறிவித்தது. முற்போக்குக் கல்வியாளர்களிடையே இது கடும் விவாதத்தை எழுப்பியது. மதிப்பெண்ணை மையமாக்குவது வலதுசாரிகளின் தர வாதத்துக்கு இணங்குவதாகாதா என்ற அவர்களது வினா நியாயமானது. அதை எதிர்ப்பிரச்சாரம் என்று தள்ளிவிடுவது கட்சிக்கு அழகன்று.

எனினும் ஒன்றிய அரசின் நிறுத்திவைப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. கேரளத்தில் 30 பெறாத குழந்தைக்குக் கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்த வேண்டிய பொறுப்பு அரசினுடையது; அதன் பிறகே மறுதேர்வு. குறையைக் கண்டவுடன் ஆசிரியர் நேரத்தையும் பணத்தையும் செலவிட வேண்டியது பள்ளி. அந்த வகையில் 30 என்பது குழந்தைக்கு விதித்த நிபந்தனையாக இல்லாமல் அரசு தனக்கு விதித்துக்கொண்ட நிபந்தனையாக அமைய இயலும். அமையுமா என்பது நடைமுறையில்தான் தெரியும். நான்காம் வகுப்பிலேயே விடுபட்ட பின்னத்தை ஏப்ரல் மாதத்தின் சில வாரங்களில் ஈடுசெய்ய இயலாது; அத்தகைய உதவி மூன்றாம், நான்காம் வகுப்புகளிலேயே, தேர்வுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். வயநாட்டின் பணியர் குடியிருப்பிலிருந்து வரும் குழந்தைக்கு மலையாளப் பாடநூலும் ஒரு பகுதி அயல்மொழியே என்பதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

எனவே கேரளத் தோழர்களிடம் எதிர்பார்க்கப்படுவது ஒரு கணக்கு. எட்டாம் வகுப்பில் 30 பெறாதவர்களுள் கடற்கரை மீனவர் குடும்பங்களையும் வயநாடு, அட்டப்பாடி ஊர்களையும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளையும் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பாடத்தின் எந்தப் பகுதியில் தடுமாறினர், சிறப்பு வகுப்புக்கு எத்தனை பேரால் வர முடிந்தது, ஒன்பதாம் வகுப்பின் இயற்கணிதத்தில் அவர்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்பதைக் குழந்தைகளின் பெயரின்றிப் பள்ளிவாரியாகத் தொகுத்து மக்கள் மன்றத்தில் வைக்க வேண்டும். பீட் மாவட்டத்திலோ கோரிக்கை இன்னும் தொடக்க நிலையில் இருக்கிறது: அக்டோபரில் கரும்பு வெட்டப் புறப்படும் குடும்பங்களின் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்கப் பருவகால விடுதிகள், அவற்றில் கணிதம் கற்பிக்க நிரந்தர ஆசிரியர்கள், ஆலை வளாகங்களுக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளுக்கு அங்கேயே பள்ளி. அடுத்த அரவைப் பருவம் தொடங்குமுன் கரும்பு வெட்டும் தொழிலாளர்களின் கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும்போது, டன்னுக்கு எவ்வளவு என்ற முதல் கோரிக்கையின் கீழே இவற்றையும் எழுதிக்கொள்ளலாம்.